டிகாக்ஷன் இறங்கும் நேரத்தில்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். மேடையில் நேரமின்மையால் விட்டுப்போன சில விவரங்களை இங்கே சேர்த்திருக்கிறேன்.)



சங்கச் செயலாளர் அண்ணன் என்னைப் போனில் அழைத்து, "மோட்டார், பம்பு துறையில என்ன புதுசுன்னு ஒரு இருபது நிமிஷம் பேசிடுப்பா" என்றார். "அண்ணா, வேற ஒண்ணு பேசட்டுமா? வீட்டிலேயே உடற்பயிற்சி செய்யறதைப் பத்தி" என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அவர் மனதில் என்ன ஓடியிருக்கும் என்று எனக்குத் தெரியும். 2020 ஜனவரிச் சந்திப்பில் பழைய மாணவர்களுக்கும் இந்நாள் மாணவர்களுக்கும் நடந்த கிரிக்கெட் ஆட்டத்தில், இரண்டே இரண்டு ரன் ஓடிவிட்டு பிட்சின் நடுவிலேயே உட்கார்ந்துவிட்ட மகானுபாவன் நான்தான். எதிரணி விக்கெட் கீப்பர் தம்பி ஓடிவந்து, "அண்ணா, தண்ணியா, ஆம்புலன்ஸா?" என்று கேட்டார். அந்தத் தம்பி இன்று இந்த அரங்கில் இருந்தால் அவருக்கு என் நன்றி. தண்ணீர் போதுமானதாக இருந்தது.

ஆனால் அன்று எனக்கு வெட்கம் வரவில்லை. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வெட்கம் வந்தது வேறொரு நாள்.

2022 ஆகஸ்டு மாதம். இரவு இரண்டு மணி இருக்கும். குளியலறையில் ஏதோ விழுந்த சத்தம். போய்ப் பார்த்தால் அம்மா வழுக்கி விழுந்து கிடக்கிறார். நினைவு இருக்கிறது, பேசுகிறார், ஆனால் எழ முடியவில்லை. நான் குனிந்து, இரண்டு கக்கத்திலும் கை கொடுத்துத் தூக்கினேன். தூக்கினேன் என்பது பெரிய வார்த்தை. பாதி உயரத்தில் என் முதுகில் சுரீர் என்றது. மறுபடியும் மெதுவாகக் கீழே உட்கார வைத்துவிட்டேன். என் மனைவி அப்போது ஊரில் இல்லை. வேறு வழியில்லாமல் தெருமுனைக்கு ஓடி, எங்கள் தெரு வாட்ச்மேன் பெரியவரை அழைத்து வந்தேன். அறுபது வயதைத் தாண்டியவர். இளமையில் மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர். அவர் உள்ளே வந்து, "தம்பி, நீங்க கொஞ்சம் நகருங்க" என்றார். குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அம்மாவை நெருக்கமாக அணைத்துப் பிடித்தார். முதுகை வளைக்காமல் தொடையை ஊன்றி அப்படியே எழுந்தார். அவ்வளவுதான். அவருக்கு மூச்சுக்கூட வாங்கவில்லை. எனக்கு வாங்கியது.

நல்லவேளையாக எலும்பு முறிவு இல்லை. (விழுந்தவர்களை அவசரப்பட்டுத் தூக்கக் கூடாது, முறிவு இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும் என்பது மறுநாள் டாக்டர் திட்டியபோது தெரிந்துகொண்டது.) கட்டிலில் படுத்துக்கொண்டு அம்மா அந்தப் பெரியவரிடம் சொன்னார்: "எம் பையனுக்கு ஆபீஸ் வேலைங்க. உட்கார்ந்தே இருக்கறவன். பாவம், அவனுக்கு எங்க முடியும்?"

அந்தப் "பாவம்" இருக்கிறதே, அது என்னைத் தூங்கவிடவில்லை.

இனி கதை எப்படிப் போகும் என்று நீங்கள் நினைப்பீர்கள் என்பது எனக்குத் தெரியும். மறுநாள் அதிகாலை நாலரை மணிக்கு எழுந்தான், ஓடினான், ஆள் மாறிவிட்டான் என்று. உண்மை என்னவென்றால் மறுநாள் எட்டு மணிக்குத்தான் எழுந்தேன். அதற்கடுத்த பத்து மாதங்களில் நான்கு முறை உடற்பயிற்சி ஆரம்பித்து நான்கு முறையும் விட்டேன். ஆத்திரமோ வெட்கமோ ஒரு வாரத்துக்கு மேல் ஆளை எழுப்பிவிடாது. இது என் சொந்த அனுபவம்.

முதல் முறை ஜிம்மில் ஓராண்டுக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டினேன். பணம் கட்டினால் போய்த்தானே ஆக வேண்டும் என்ற கணக்கு. ஒன்பது நாள் போனேன். தொழிற்சாலையில் இருந்து வீடு ஒரு திசை, ஜிம் மறு திசை. இரண்டாவது முறை, வீட்டிலேயே செய்வோம் என்று ஓட்டாத சைக்கிள் ஒன்று வாங்கினேன். இன்றைக்கு அதன் கைப்பிடியில் என் பேண்ட்டும் இருக்கையில் மகனின் ஸ்கூல் பையும் இருக்கின்றன. மூன்றாவது முறை டம்பெல்ஸ். அது வீணாகவில்லை. காற்றுக்கு அடித்துக்கொள்ளும் பின்கதவுக்கு முட்டுக் கொடுத்து நிற்கிறது.

நான்காவது முறைதான் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டியது. இரவு முழுக்க யூடியூபில் உடற்பயிற்சி வீடியோக்கள் பார்த்தேன். பார்க்கப் பார்க்க உடம்பெல்லாம் முறுக்கேறியது. (பார்ப்பதிலேயே பாதி திருப்தி வந்துவிடுகிறது என்பது இதில் உள்ள அபாயம். செய்த மாதிரியே தூக்கம் வருகிறது.) காலையில் அதே வேகத்தில் ஐம்பது பஸ்கி, இருபது தண்டால். முடித்துவிட்டுக் கண்ணாடியில் வேறு பார்த்துக்கொண்டேன். அன்று ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் காலை மாடிப்படி இறங்க முடியவில்லை. அதற்கு மறுநாள் இன்னும் மோசம். பேருந்தில் ஏறுவதற்குக் கைப்பிடியைப் பிடித்துத் தொங்க வேண்டியிருந்தது. பழக்கமில்லாத தசையை, அதுவும் பாரத்தோடு நீளும்படியான அசைவில் வேலை வாங்கினால், வலி உடனே வராமல் ஒன்றிலிருந்து மூன்று நாட்களுக்குள் உச்சத்துக்கு வரும். கெட்டுப்போனதற்கு அடையாளம் அல்ல, சில நாட்களில் தானே அடங்கிவிடும். ஆனால் எனக்கு அப்போது அது தெரியாது. வலி போகட்டும் என்று ஒரு வாரம் விட்டேன். ஒரு வாரம் ஒரு மாதமாயிற்று. "எனக்கு மோட்டிவேஷன் இல்லப்பா" என்று நண்பர்களிடம் சொல்லிக்கொண்டேன். ஏதோ கடையில் சரக்கு வரவில்லை என்பது போல.

2023 மே மாதம் வேலை நிமித்தம் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்புக்குப் போனேன். ஏழரை எச்.பி. மோட்டார். "போட்டா உடனே பியூஸ் போகுதுங்க, உங்க மோட்டாரே சரியில்லீங்க" என்று புகார். போய்ப் பார்த்தால், ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் பழுதானதும் யாரோ அதைக் கழற்றிவிட்டு மோட்டாரை நேரடியாக லைனில் கொடுத்திருக்கிறார்கள். நான் அந்தத் தோட்டத்துக்காரரிடம் விளக்கினேன்: "இந்த மோட்டார் ஓடறப்ப பதினொரு ஆம்பியர்தான் எடுக்குமுங்க. ஆனா நிக்கறதைக் கிளப்பறப்ப அதைப்போல ஆறு மடங்கு இழுக்கும். அறுபது ஆம்பியருக்கு மேல. உங்க லைன் அதைத் தாங்காது. அதனாலதான் முதல்ல ஸ்டார்ல கொடுத்து மெதுவாக் கிளப்பி, வேகம் வந்தப்புறம் டெல்டாவுக்கு மாத்தறது." அவர் கேட்டுவிட்டு, "அப்ப மோட்டார் மேல தப்பில்லீங்களா?" என்றார். "மோட்டார் நல்லாத்தான் இருக்குதுங்க. கிளப்பற விதம்தான் தப்பு" என்றேன்.

திரும்பி வரும் பேருந்தில்தான், நான் சொன்னது எனக்கே திரும்பக் கேட்டது.

எலெக்ட்ரிக்கல் படிக்காதவர்களுக்காக இரண்டு வார்த்தை. ஸ்டாரில் இணைத்தால் ஒவ்வொரு சுருளுக்கும் போகும் மின்னழுத்தம் 415 வோல்ட்டிலிருந்து சுமார் 240 வோல்ட்டுக்குக் குறையும். லைனில் இருந்து இழுக்கும் மின்னோட்டம் மூன்றில் ஒரு பங்காகும். இதில் ஒரு நிபந்தனை உண்டு. சுழற்றும் விசையும் மூன்றில் ஒரு பங்காகிவிடும். ஆகவே கிளப்பும்போது பாரம் குறைவாக இருக்க வேண்டும். பாரத்தைக் குறைக்காமல் ஸ்டாரில் கொடுத்தால் மோட்டார் உறுமிக்கொண்டே நிற்கும். மெஷின்ஸ் லேபில் இந்தச் சோதனையை நான் செய்திருக்கிறேன், ரெக்கார்டு நோட்டில் அழகாகப் படம் வரைந்து கையெழுத்தும் வாங்கியிருக்கிறேன். ஆனால் என் உடம்பு விஷயத்தில் நான்கு முறையும் நேரடியாக லைனில் கொடுத்திருக்கிறேன். பியூஸ் போனது என் மன உறுதியின் குற்றம் என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

எனவே ஐந்தாவது முறை பாரத்தைக் குறைத்தேன். எவ்வளவு குறைத்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஐந்து தோப்புக்கரணம், சுவரில் கை ஊன்றி ஐந்து தண்டால். அவ்வளவுதான். இரண்டு நிமிடம்கூட ஆகாது. எப்போது செய்வது என்பதையும் முடிவு செய்தேன். எங்கள் வீட்டில் காலையில் முதலில் எழுந்து காபி போடுவது என் வேலை. பில்டரில் தூளைப் போட்டு வெந்நீர் ஊற்றினால் டிகாக்ஷன் இறங்கப் பத்துப் பதினைந்து நிமிடமாகும். அந்த நேரத்தில் நான் செய்துகொண்டிருந்த ஒரே வேலை, அடுக்களையில் நின்றபடி செல்போன் பார்ப்பது. வெந்நீர் ஊற்றியதும் அங்கேயே, அடுப்பு மேடை ஓரமாகவே செய்வது. உடை மாற்ற வேண்டாம், ஷூ வேண்டாம், பாய் விரிக்க வேண்டாம். இவையெல்லாம் சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் அதிகாலையில் பாயை விரிக்க வேண்டும் என்ற ஒரு நினைப்பே ஆளைத் திரும்பப் படுக்க வைக்கப் போதும்.

இன்னொரு கட்டுப்பாடும் வைத்துக்கொண்டேன். முதல் இரண்டு வாரம், மேலும் செய்ய ஆசை வந்தாலும் ஐந்துக்கு மேல் செய்யக் கூடாது. இதுதான் இருப்பதிலேயே கஷ்டமாக இருந்தது. நான்காவது நாளே "இன்னும் இருபது போடலாமே" என்று கை துடித்தது. துடிக்கட்டும் என்று விட்டேன். மறுநாள் எழுந்ததும் அந்த மிச்சம் இருந்தது. பசியோடு எழுந்து கொள்வது போல. நாம் உற்சாகம் வந்தால் செய்வோம் என்று காத்திருக்கிறோம். எனக்கு அது செய்த பிறகு வந்தது, அதுவும் கொஞ்சம் மிச்சம் வைத்த நாட்களில் வந்தது.

முதல் வாரம் அம்மா அடுக்களைக்கு வந்தவர் என்னைப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, பிள்ளையார்கிட்ட என்ன தப்புப் பண்ணிட்டு வந்தே?" என்றார். உங்களைத் தூக்க முடியாமல் போனதற்குத்தான் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

கணக்கு வைத்துக்கொள்வதற்கு நான் எந்தச் செயலியையும் நாடவில்லை. எங்கள் வீட்டில் தினசரிக் காலண்டர் உண்டு. தாள் கிழிப்பது என் பொறுப்பு. பயிற்சி செய்தால்தான் அன்றைய தாள் வரும்படி கிழிப்பது என்று வைத்துக்கொண்டேன். அதாவது, செய்யாத நாளில் காலண்டர் நேற்றிலேயே நிற்கும். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. ஜூலையில் ஒரு முறை இரண்டு நாள் செய்யவில்லை. அம்மா காலண்டரைப் பார்த்து, கிருத்திகைக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது என்று நினைத்து, காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டார். பக்கத்து வீட்டு அக்கா "இன்னிக்குக் கிருத்திகையாச்சே" என்று சொன்ன பிறகு வீட்டில் நடந்ததை நான் இங்கே விவரிக்கவில்லை. அன்றிலிருந்து ரகசியம் வெளியாகிவிட்டது. இப்போது காலை ஆறரைக்கு மேல் தாள் கிழிக்கப்படாமல் இருந்தால், "இன்னிக்கு நாளே பொறக்கலியா சாமி?" என்று கூடத்தில் இருந்து குரல் வரும். ஜிம்முக்குக் கட்டிய ஓராண்டுப் பணம் செய்யாத வேலையை இந்தக் குரல் செய்தது.

இருபத்தோரு நாள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்று பலரும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நானும் நம்பி, இருபத்திரண்டாம் நாள் தானாகவே உடம்பு எழுந்துவிடும் என்று எதிர்பார்த்தேன். எழவில்லை. மற்ற நாள் மாதிரியே அலுப்பாகத்தான் இருந்தது. அப்புறம் தேடிப் பார்த்தேன். மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960இல் எழுதிய புத்தகத்தில், அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் தங்கள் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது இருபத்தோரு நாளாவது ஆகிறது என்று எழுதினார். "குறைந்தது" என்ற சொல் வழியில் எங்கோ விழுந்துவிட்டது. முகம் என்பதும் விழுந்துவிட்டது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் மற்றவர்களும் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2010இல் வெளியானது. தினமும் ஒரே சூழ்நிலையில் ஒரு செயலைச் செய்யச் சொல்லி, அது தன்னியல்பாக வர எத்தனை நாளாகிறது என்று பார்த்தார்கள். நடுத்தர அளவு 66 நாள். ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வித்தியாசம். தண்ணீர் குடிப்பது, பழம் சாப்பிடுவது போன்றவற்றைவிட உடற்பயிற்சிக்கு அதிக நாள் பிடித்தது. எனக்குப் பெரிய ஆறுதல் தந்தது வேறொரு முடிவு: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பழக்கம் ஒன்றும் குலைந்துவிடவில்லை. என்னைப் போன்றவர்கள் ஒரு நாள் விட்டதும் "போச்சு, எல்லாம் போச்சு" என்று மொத்தமாகக் கைகழுவுகிறோமே, அதற்கு ஆதாரமே இல்லை.

தவறுகளும் செய்தேன். ஸ்டாரில் இருந்து டெல்டாவுக்கு மாற்றுவதில் அவசரம் கூடாது என்பது எங்களுக்குத் தெரியும். வேகம் வருவதற்கு முன்பு மாற்றினால் மின்னோட்டம் மறுபடி எகிறும். மூன்றாம் வாரம் நான் ஒரேயடியாக ஐந்தில் இருந்து நாற்பதுக்குப் போனேன். முழங்கால் வலித்தது. திரும்பப் பத்துக்கு வந்தேன். வாரத்துக்கு இரண்டு மூன்று என்று கூட்டினேன். அதே சமயம், ஸ்டாரிலேயே ஓட்டிக்கொண்டிருந்தாலும் மோட்டார் முழுப் பாரத்தை இழுக்காது, சூடாகும். ஐந்து தோப்புக்கரணம் என்பது கிளப்புவதற்குத்தான். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பும், வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்கிறார்கள். அதற்கு முன்பு, ஒரு மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்றிருந்தது. இதில் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். இரண்டு நிமிடமும் கணக்கில் சேரும். நான் 150ஐத் தொட ஏறக்குறைய ஏழு மாதமாயிற்று. அதிலும் பாதி, மாலையில் பால் வாங்க நடந்து போவது.

அக்டோபரில் வேலை விஷயமாகப் புனே போனேன். பதினோரு நாள் ஒன்றுமே செய்யவில்லை. திரும்பி வந்த அன்று எனக்குள் இரண்டு குரல்கள். ஒன்று, "அவ்வளவுதான், இதுவும் பழைய கதைதான்." இன்னொன்று, "விட்டதையெல்லாம் சேர்த்துப் பிடி, இன்றைக்கு அறுபது போடு." இரண்டும் ஒரே இடத்தில்தான் கொண்டுபோய் விடும். ஸ்டார்ட்டரில் நோ-வோல்ட் காயில் என்று ஒன்று உண்டு. கரண்ட் போனால் அது ஸ்டார்ட்டரை விடுவித்துவிடும். கரண்ட் திரும்பி வந்தாலும் மோட்டார் டெல்டாவில் தானாகக் கிளம்பாது. மறுபடியும் ஸ்டாரில் இருந்துதான். அதைச் செய்தேன். மீண்டும் ஐந்து, சுவரில் ஐந்து. நான்கு நாளில் பழைய இடத்துக்கு வந்துவிட்டேன். அதன் பிறகும் காய்ச்சல், கல்யாணம், ஷட்டவுன் வேலை என்று எத்தனையோ இடைவெளிகள் வந்தன. இந்த ஒரு வழிதான்.

இந்த இடத்தில் நம் துறையில் இருந்து ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். பெயர் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். நான் இப்படிச் செய்கிறேன் என்று கேள்விப்பட்டு, தம்மிடம் இருந்த பழைய பென்குவின் புத்தகம் ஒன்றைத் தந்தார். கனடா விமானப்படைக்காக பில் ஆர்பன் என்பவர் 1950களின் பிற்பகுதியில் வகுத்த '5பிஎக்ஸ்' திட்டம். ஜிம் வசதியில்லாத தொலைதூர விமானத் தளங்களில் இருந்தவர்களுக்காக, எந்தக் கருவியும் இல்லாமல், அறைக்குள்ளேயே, ஐந்து பயிற்சிகள், நாளுக்குப் பதினோரு நிமிடம். பெண்களுக்குத் தனியாகப் பத்துப் பயிற்சிகள், பன்னிரண்டு நிமிடம். அதிலுள்ள சில பயிற்சிகள், குறிப்பாகக் காலை நீட்டியபடி எழுந்து உட்காருவதும் குதித்துக் குனிவதும், முதுகுக்கு நல்லதல்ல என்று இப்போது சொல்கிறார்கள். அப்படியே பின்பற்ற வேண்டாம். நான் எடுத்துக்கொண்டது ஒன்றைத்தான்: எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் அடிமட்டத்தில் இருந்து தொடங்கு, வயது கூடக் கூட ஒவ்வொரு படியிலும் அதிக நாள் நில். நமக்குப் புதிதாகத் தோன்றுவதை விமானிகளுக்கு அன்றே சொல்லியிருக்கிறார்கள். ஸ்டார்-டெல்டா என்று சொல்லவில்லை, அவ்வளவுதான்.

எடை மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் இரண்டு மாதம் அதன் மேல் ஏறாதீர்கள். என் எடை அந்த இரண்டு மாதத்தில் நானூறு கிராம் கூடியது. மாறாக, எத்தனை முறை செய்ய முடிகிறது என்று பாருங்கள். ஐந்தாக இருந்தது பதினைந்தாகும். ஆரம்ப வாரங்களில் கூடுகிற பலம் பெரும்பாலும் தசை பருப்பதால் வருவதல்ல. இருக்கிற தசையை நரம்புகள் திறமையாக வேலை வாங்கப் பழகுவதால் வருவது. ஆகவே கண்ணாடியில் ஒன்றும் தெரியாது. படிக்கட்டில் தெரியும்.

இனி நான் சொல்லப்போவதைச் சொல்வதா வேண்டாமா என்று யோசித்தேன். என் மனைவியும் இங்கே உட்கார்ந்திருக்கிறார், அவரிடம் அனுமதி வாங்கிவிட்டேன். எனக்கு இது பிடிபட்ட பெருமையில் ஒரு நாள் அவரிடம், "நீயும் ஆரம்பியேன், ரெண்டு நிமிஷம்தானே, மனசு வெச்சா முடியாதா?" என்று சொற்பொழிவாற்றினேன். அவர் தோசை திருப்பிக்கொண்டே சொன்னார்: "ஏனுங்க, உங்களுக்கு டிகாக்ஷன் இறங்கற நேரம் இருக்குது. அந்த நேரத்துல நான் சட்னிக்கு அரைக்கறேன், பையனை எழுப்பறேன், ரெண்டு டிபன் பாக்ஸ் கட்டறேன். எனக்கு எது இறங்கற நேரம்?" என்னிடம் பதில் இல்லை. அவரும் வேலைக்குப் போகிறவர். ஊக்கமில்லை, சோம்பல் என்று நாம் பெயர் வைப்பதில் பாதி, நம் வீட்டுப் பெண்கள் விஷயத்தில், கால் மணி நேரம் சொந்தமாக இல்லை என்பதுதான். எந்த மோட்டாரையும் சப்ளை இல்லாமல் கிளப்ப முடியாது.

அன்றிலிருந்து பையனை எழுப்புவதும் டிபன் பாக்ஸ் கட்டுவதும் என்னுடையது. முதல் மாதம் இரண்டு முறை பாக்ஸ் மாறிப் போயிற்று. மகன் என் மனைவியின் கீரைச் சாதத்தைப் பள்ளியில் திறந்து பார்த்துவிட்டு அழுதிருக்கிறான். இருந்தாலும் இப்போது காலை ஆறே முக்காலில் இருந்து ஏழு வரை படுக்கையறைக் கதவு சாத்தியிருக்கும். உள்ளே அவர் என்ன செய்கிறார் என்று நான் கேட்பதில்லை. சில நாள் பயிற்சி, சில நாள் தூக்கம் என்று அவரே சொன்னார். அதுவும் சரிதான்.

மாணவத் தம்பிகளுக்குச் சுருக்கமாக. விடுதி அறையில் மூன்று கட்டிலுக்கு நடுவே நிற்க இடம் இருந்தால் போதும். ரூம்மேட் கிண்டல் செய்வான். பத்து நாள் கழித்து அவனும் பக்கத்தில் வந்து நிற்பான், அல்லது நிற்க மாட்டான். நீங்கள் பல் தேய்த்த கையோடு செய்துவிட்டுப் போங்கள். வயது இருக்கிறது என்று முதல் நாளே நூறு போட்டுவிட்டு மெஸ்ஸில் உட்கார முடியாமல் நிற்காதீர்கள். என் செட்டுக்காரர்களுக்கும் மூத்தவர்களுக்கும்: இரத்த அழுத்தம், சர்க்கரை, நெஞ்சுவலி, மூட்டுக் கோளாறு இருப்பவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். அடைப்பை வைத்துக்கொண்டு பம்பை ஓட்டுவது யாருக்கும் நல்லதல்ல.

அம்மாவைப் பற்றிக் கேட்பீர்கள். அவருக்கு எலும்பு மருத்துவர் ஒரு பயிற்சி சொல்லியிருக்கிறார். கையில்லாத நாற்காலியைச் சுவரோரம் போட்டு, அதிலிருந்து எழுவதும் உட்காருவதும். நான் அடுக்களையில் செய்யும்போது அவர் கூடத்தில் செய்வார். எண்ணிக்கை சத்தமாகச் சொல்வார். ஐந்துக்கு அப்புறம் நேராக ஏழுக்குப் போய்விடுகிறார் என்பதை நான் கவனித்தும் கவனிக்காத மாதிரி இருக்கிறேன். சென்ற கார்த்திகை மாதம் ஒரு நாள், பூஜை அறையில் தரையில் உட்கார்ந்து விளக்குத் திரி திரித்தவரால் எழ முடியவில்லை. நான் குத்துக்காலிட்டு, நெருங்கி அணைத்து, முதுகை வளைக்காமல் எழுந்தேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. திரி இருந்த தட்டை எடுக்கச் சொன்னார்.

நேற்று இரவு விடுதியில் பழைய கதை பேசிப் படுக்க ஒரு மணி. இன்று காலை ஏழு மணிக்கு அம்மாவின் போன். "கண்ணு, தாளைக் கிழிக்கட்டுமா, வேண்டாமா?" நான் அப்போதுதான் கண் விழித்திருந்தேன். "இருங்கம்மா, கூப்பிடறேன்" என்று போனை வைத்துவிட்டு, நான்கு ஆண்டுகள் நான் தூங்கி வழிந்த அதே வராந்தாவில், மூன்று தம்பிகள் பிரஷ்ஷை வாயில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்க, செய்து முடித்தேன். பிறகு கூப்பிட்டுச் சொன்னேன். மறுமுனையில் தாள் கிழியும் சத்தம் கேட்டது.